அக்கா வீட்டு வாசலில் ஒரு தூண்

தூண் என்று ஒன்று நின்றால் அது எதையாவது தாங்கிக்கொண்டிருக்கும் என்று ஐம்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. திருச்சியில் என் சொந்த வீட்டு முகப்பிலேயே இரண்டு தூண்கள் நிற்கின்றன. உச்சியில் தாமரை, அடியில் யானைக்கால், நடுவில் மேஸ்திரியின் கற்பனை. மேலே ஒன்றும் கிடையாது. ஒரு குருவிக்கூடு இருக்கிறது. தினமும் அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அது வருவதற்கு நான் கடல் தாண்டி, இலங்கையில் பண்டாரவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போக வேண்டியிருந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். என் சகலை இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

போன காரியம் கல்யாணம். என் மனைவியின் அக்கா ராசம்மா அங்கே கொழுந்து பறிக்கிறார். மலையகத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில் குடும்பமே கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியது. அக்காவை மட்டும் அங்கேயே அத்தை மகனுக்குப் பேசி முடித்திருந்ததால் விட்டுவிட்டு வந்தார்கள். அந்த அத்தை மகன்தான் சகலை முத்துவேலு. இப்போது அவர்களுடைய ஒரே மகள் கௌசல்யாவுக்குக் கல்யாணம். என் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. கூறைப்புடவையை என் கையில் கொடுத்து, இது பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்றாள். நான் போய்ச் சேர்வதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ரயிலில் வெள்ளைக்காரர்கள் வாசற்படியில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். அவர்கள் விழுந்துவிடுவார்கள் என்று பயந்து நான் கண்ணை மூடினேன். திறந்தபோது பண்டாரவளை போயே போய்விட்டது. ரயில் பதுளையில் நின்றது. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. இல்லாவிட்டால் இன்னும் போயிருப்பேன்.

பதுளை பஸ் நிலையத்துக்கு அருகே பருப்போடு பராட்டா சாப்பிட்டேன். நம் ஊரில் பராட்டாவை அடித்து நொறுக்கிக் கொடுப்பார்கள். இங்கே அதை மனிதனாக மதித்து முழுசாகக் கொடுக்கிறார்கள். பிறகு பண்டாரவளை பஸ்ஸில் ஏறி, முன்னால் காலியாக இருந்த நல்ல இருக்கையில் உட்கார்ந்து, மேலே எழுதியிருந்த சிங்கள எழுத்துகளின் உருண்டையை ரசித்தேன். ஒரு பிக்கு ஏறினார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. மதகுருமாருக்கு ஒதுக்கிய இடம் என்று சிங்களத்துக்குக் கீழேயே தமிழிலும் எழுதியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஷாக் அடித்தவன் போல எழுந்தேன். பின்னால் இருந்த தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "இந்தியாவாம். அப்ப ஒண்ணும் செய்ய ஏலாது."

பண்டாரவளையிலிருந்து திரீவீலர். ஒரு வளைவு திரும்பியதும் அந்தப் பக்கச் சரிவில் மூன்று பங்களாக்கள் தெரிந்தன. முக்கோண நெற்றி, வளைந்த ஜன்னல்கள், ரோமாபுரித் தூண்கள். ஒன்று மஞ்சள், ஒன்று ரோஜா நிறம், ஒன்று மயில்கழுத்து நிறம். அதுதான் நீங்கள் கேட்ட லயம் என்றார் ஓட்டுநர். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உடனே வீட்டுக்குப் போன் போட்டு, உன் அக்கா அரண்மனையில் இருக்கிறாள், நீதான் நம் வீட்டுத் தண்ணீர்க் கஷ்டத்தில் இருக்கிறாய் என்று சொன்னேன்.

இறங்கிப் போய் மஞ்சள் பங்களாவின் பெரிய கதவைத் தட்டினேன். தேக்குக் கதவு, பித்தளை வளையம். விரல் முட்டி சிராய்ந்தது. கதவு சிமெந்துச் சுவரில் வரைந்த சாயம்.

"தம்பி, அது படம். இந்தப் பக்கம் வாங்க."

குரல் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது. தொடர்ந்து அக்கா வந்தார், பக்கவாட்டில், நண்டு வருவது போல.

பிறகுதான் விளங்கியது. அங்கே பங்களாவே இல்லை. அதே பழைய லயம்தான், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள். அதற்கு முன்னால் மூன்று பங்களாக்களின் முகத்தைச் செய்து ஒட்டியிருக்கிறார்கள். முகத்துக்குக் கதவு மூன்று. உள்ளே குடும்பங்கள் பத்துக்கு மேல். ஆகவே முகத்தின் கதவுகளுக்குப் பின்னால் சுவர். உண்மையான கதவுகள் எங்கே விழுந்தனவோ அங்கே. சிலருக்கு வளைவின் நடுவில் விழுந்தது, அதிர்ஷ்டசாலிகள். அக்காவின் கதவு சரியாக ஒரு தூணுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. நடுவே ஒரு முழம் இடைவெளி. அதில் வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, கூறைப்புடவைப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி நுழைந்தேன்.

உள்ளே என் மனைவி சிறுவயதில் விட்டுப்போன அதே அறை. கரி பிடித்த சுவர், துருப்பிடித்த தகரக்கூரை, ஒழுகுகிற இடங்களில் ஒரு வாளி, ஒரு பேசின், ஒரு பால்மா டின். புதுத் தகரம் கேட்கவில்லையா என்றேன்.

"வரும்னு சொல்லிருக்காங்க" என்றார் அக்கா.

"எப்போ சொன்னாங்க?"

"கௌசல்யா பொறக்குறதுக்கு முந்தி."

ரொட்டியும் கட்டசம்பலும் வைத்து, பிளேன்டீ ஊற்றிக்கொண்டே சகலை கதையைச் சொன்னார். எதிர்மலையில் தோட்ட மேனேஜர் பெரியதுரை இருந்த பங்களா இப்போது ஹோட்டல். விருந்தாளிகள் புல்தரையில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடும்போது லயம் கண்ணில் படுகிறதாம். ஈரத்துணி தெரிகிறதாம், புகை தெரிகிறதாம். அதனால் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து படம் வரைந்து இந்த முகப்பை வைத்துப் போனார்கள். முன்பக்கம் துணி காயப்போடக் கூடாது என்பது அதோடு வந்த சட்டம்.

அக்காவின் துக்கம் துணி இல்லை. கோயிலில் தாலி கட்டியதும் மாப்பிள்ளையும் பெண்ணும் கை கோத்துக்கொண்டு, ஜோடியாக, வலது காலை வைத்துப் பெண் வீட்டுக்குள் வர வேண்டும். பால்பழம் சாப்பிட்டுவிட்டு ஜோடியாகவே வெளியே போக வேண்டும். ஒரு முழத்தில் ஜோடி எப்படி நுழையும்? பின்பக்கம் வாசல் இல்லை, மலைச்சரிவும் தண்ணீர் பிடிக்கும் பீலியும்தான். பக்கத்து வீட்டு பாக்கியம் தன் வாசலைத் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

"அடுத்த வீட்டு வாசல்ல ஏத்தி எறக்குறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார் அக்கா. "எம்மக திருட்டுப் பூன மாதிரி ஒருக்களிச்சு வரமாட்டா."

சகலை மெதுவாக, அந்தத் தூணை எடுத்துவிட்டால் என்ன என்று என்னைக் கேட்டார். நான் வாழ்க்கையில் ஒரு வீடு கட்டியவன், அதுவும் இந்தியாவில். தொண்டையைச் செருமிக்கொண்டு, தூணைத் தொட்டால் கூரை மொத்தமும் இறங்கிவிடும் என்று நிபுணர் கருத்து வழங்கினேன். இருவரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை மழை. பல்லில் பிரஷ்ஷோடு வெளியே நழுவியவன் தூணின் அடியைப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகப் பொடி உதிர்ந்து கிடந்தது. ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. தூண் கரைகிறது. என் மூளையில் கூரை இறங்கியேவிட்டது.

"ஓடுங்க, விழப்போகுது" என்று கத்தினேன்.

மழை நாளில் அந்த மலையில் அப்படிக் கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எனக்குத் தெரியாது. எல்லாக் கதவும் திறந்தது. கைக்குழந்தையோடு வந்தார்கள், நொண்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்குகிறது. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் அதில். மறக்காமல் அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். கோயில் பொட்டலில் நனைந்துகொண்டு நின்றபோது என் கையைப் பார்த்தேன். கூறைப்புடவையை எடுக்க உள்ளே பாய்ந்தவன், சோற்றுப்பானை மூடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தேன்.

"இந்தியாக்காரரே, மண்ணு சரியுதா, எதுங்க விழுது?" என்றாள் பாக்கியம்.

தூண் என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காலியான லயத்தின் முன்னால், பாக்கியத்தின் கோழி நிதானமாக நடந்துவந்து தூணின் ஓட்டைக்குள் தலையை விட்டது. கொத்தியது. வெள்ளை மணிகளை உதறியது. மறுபடி கொத்தியது.

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. சகலை போய் ஓட்டையில் விரலை விட்டு ஒரு கட்டியைப் பிய்த்தார். மேலே விரற்கடை சிமெந்துப் பூச்சு. உள்ளே டிவிப் பெட்டியில் அடைத்து வருமே, நாம் தெர்மாகோல் என்போமே, அது. இங்கே ரெஜிபோம் என்கிறார்கள். தூணைப் பிளந்தால் நரசிம்மர் வரும் பரம்பரையில் பிறந்தவன் நான். எனக்கு வந்தது பஞ்சுமணி.

பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. பையை நெஞ்சோடு பிடித்தபடி என் பக்கத்தில் நின்றாள். "போன மழைக்கு மலைக்கு மேல, மேல்கணக்கு லயத்துல மண்ணு வந்துச்சுங்க. அன்னைக்கும் ஒருத்தர் இப்படித்தான் கத்துனாரு. சிரிச்சுக்கிட்டு நின்னவுங்கள்ல என் நாத்தனாரும் ஒருத்தி." பிறகு கோழியை விரட்டப் போய்விட்டாள்.

நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் அங்கேதான் தொடங்கியது. இந்த மலை எப்போது இறங்கும் என்று பயந்து கதவுக்குப் பின்னால் பை கட்டித் தொங்கவிட்டிருக்கிற ஜனங்களுக்கு, பின்னால் ஒரு தடுப்புச்சுவர் கட்டிக் கொடுக்கத் தோட்டத்துக்குத் துப்பில்லை, முன்னால் ரோமாபுரி.

சரி, பஞ்சுத்தூண்தானே, எடுத்துவிடலாம் என்றேன். சகலை தலையசைத்தார். ஆபீஸில் கேட்க வேண்டும். கேட்காமல் எடுத்தால் பேரை வெட்டிவிடுவார்கள். காலையில் ஆள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்டால்தான் வேலை; பேர் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் லயத்தில் அறையும் இல்லை.

ஆபீஸுக்குப் போனோம். நான் வெளிநாட்டான் என்பதால் நாற்காலி கிடைத்தது. சகலை படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் நிற்கிறாரே என்று நானும் எழுந்திருக்க வேண்டும்தான். எழுந்திருக்கவில்லை.

உதவி மேனேஜரைச் சின்னத்துரை என்கிறார்கள்; இளைஞர், மிக மரியாதையாக ஆங்கிலத்தில் பேசினார். அந்த முகப்பின் பாணி பின்நவீனத்துவம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஊர்ச் சிறுபத்திரிகைகளில் இந்த வார்த்தையை வைத்துச் சண்டை போட்டு நண்பர்கள் பிரிந்திருக்கிறார்கள். ஒரு நாள் அது தெர்மாகோலாக வந்து என் மைத்துனி வீட்டு வாசலை அடைக்கும் என்று யாருமே எழுதவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பழைய வடிவங்களை எடுத்து விளையாடுவதுதான் அதன் அழகு. தூண் எதையும் தாங்க வேண்டியதில்லை. தூணை ஞாபகப்படுத்தினால் போதும்.

கல்யாணத்தன்று மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாமா என்று கேட்டேன். முடியாது, முகப்பு ஹோட்டலுக்குச் சொந்தம் என்றார். அப்படியானால் கூரைத் தகரம்? அது தோட்டத்துக்குச் சொந்தம், விண்ணப்பம் மேலே போயிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கிறார்களே, அவர்களுக்கு எது சொந்தம் என்று கேட்டேன். என் வாயிலிருந்துதான் வந்தது, எனக்கே ஆச்சரியம்.

அவர் புன்னகையோடு, நீங்கள் சுற்றுலா விசாவில்தானே வந்திருக்கிறீர்கள் என்றார்.

அவ்வளவுதான். என் மனக்கண்ணில் சிறை, தூதரகம், மனைவியின் முகம் எல்லாம் ஓடின. மூன்று முறை நன்றி சொன்னேன். தேநீர் அருமை என்றேன். தேநீர் தரவே இல்லை. வெளியே வந்து, ஆபீஸ் கண்ணில் படாத தூரம் போன பிறகு, ஒரு தேயிலைச் செடியின் முன் நின்று மனித உரிமை, வரலாறு, வெட்கம், மானம் அனைத்தைப் பற்றியும் கொட்டித் தீர்த்தேன். சகலை கடைசிவரை கேட்டார்.

"இத உள்ள சொல்லிருக்கலாம் சகல" என்றார்.

மூன்றாம் நாள் வெற்றிலை, பழம், மாலை வாங்கப் பண்டாரவளைக்குப் போனோம். அன்று எனக்குக் கண் கெட்டுவிட்டது. எங்கே பார்த்தாலும் அதுவே தெரிந்தது. ஒரு வங்கிக்கு ரோமாபுரி நெற்றி. பேக்கரி ஒன்று கோட்டை மாதிரி. கொத்தளத்தில் பீரங்கிக்குப் பதில் ஏசி. சவப்பெட்டி விற்கும் மலர்ச்சாலைக்குக் கண்ணாடிக் குவிமாடம். ஒவ்வொரு தூணாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். தகரம், பலகை, பொள்ளல். ஒரு பழைய நகைக்கடையில் கருங்கல், விரல் வீங்கியது.

இரும்புக்கடை முதலாளி நிஸ்தார் நானா நான் அவர் தூணைத் தட்டுவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று பின்வாங்கினேன். அவரோ, "தட்டுங்க, தட்டுங்க. உள்ளுக்கு வெறும் காத்து" என்று தூணின் இடுப்பில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே நாலைந்து தும்புத்தடிகள். கடை பெருக்குகிறவைதான்.

லயத்துத் தூணைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பது நின்றுவிட்டது. "இது என் கடை, என் தூண். ஆசைப்பட்டு வச்சேன், அலுத்துப்போனா நாளைக்கு எடுப்பேன். அடுத்தவன் வாசல்ல வைக்கிறதுக்குப் பேரு என்னா தம்பி?"

என் வீட்டுத் தாமரைத் தூண்கள் ஞாபகம் வந்தன. அசிங்கம்தான். ஆனால் என் அசிங்கம். நானே தேர்ந்தெடுத்தது, மனைவி தினமும் திட்டிக்கொண்டே அதில் துணிக்கயிறு கட்டுகிறாள்.

திரும்பும்போது திரீவீலர் ஹோட்டல் வாசலில் மூச்சை விட்டு நின்றது. சரிசெய்யும்வரை புல்தரை ஓரம் நின்று எதிர்மலையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: அழகாக இருந்தது. வெயில் சாய்ந்து மஞ்சளும் ரோஜாவும் மயில்கழுத்தும் பச்சைக்கு நடுவில் மின்னின. அழகாக இல்லாதிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பரிசாரகரிடம், அந்த அழகான வீடுகளில் அறை கிடைக்குமா என்று கேட்டார். அந்தப் பையன் முகம் மாறாமல், எல்லா அறையிலும் ஆள் நிறைந்திருக்கிறது அம்மா, நெடுங்காலமாக, என்றான். தட்டோடு என்னைக் கடக்கும்போது தமிழில், "எங்க வீடு ரோஸ் கலர்லங்க இருக்கு" என்றான்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் லுணுகலையிலிருந்து வேனில் வந்தார்கள். மேளத்தோடு, சீர்த்தட்டுகளோடு ஊர்வலமாக வந்து, நேரே போய் மஞ்சள் நெற்றியின் கீழே, சாயத்தில் வரைந்த தேக்குக் கதவின் முன்னால் வரிசையாக நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் தேங்காய் உடைத்தார். மேளம் நின்றது. கதவைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

"தொறங்கம்மா, நேரம் போகுது" என்றார் மாமன், கொஞ்சம் முறைப்பாக. தங்களை அவமதிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார் போல. நல்லவேளை, நான் ஒருவன் மட்டும் முட்டாள் இல்லை. அக்கா தூணுக்குப் பின்னாலிருந்து ஒருக்களித்து வந்து கும்பிட்டபோது, சம்பந்தி வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்கு அவர் ஆயுசு முழுக்கப் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

கோயிலில் தாலி ஏறியது. ஆசீர்வாதம் செய்யும் நேரத்தில் சகலையைக் காணவில்லை.

ஊர்வலமாகத் திரும்பி வந்தோம். சகலை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. கையில் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டுவதற்கான வளைந்த கத்தி. ஓய்வு பெறும்வரை அவர் பார்த்த வேலை அது. தூணின் அடியை ஒரே மட்டமாக அறுத்து முடித்திருந்தார். மேலே பிடித்திருந்த கம்பியையும் முறித்துவிட்டார். எதிர்மலையில் ஹோட்டல் புல்தரையில் ஆட்கள் எழுந்து நிற்பது தெரிந்தது.

அக்கா சீர்த்தட்டைப் பாக்கியத்திடம் கொடுத்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு, கொழுந்துச் சாக்கை அணைப்பது போலத் தூணை அணைத்தார். தூக்கினார்.

அது பஞ்சு என்று எனக்குத் தெரியும். கோழி கொத்தியதை என் கண்ணால் பார்த்தவன் நான். இருந்தும் என்ன, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

"சித்தப்பா, எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் கௌசல்யா.

கண்ணைத் திறந்தேன். ஒன்றும் விழவில்லை. அக்கா தூணைக் கொண்டுபோய் வரைந்த கதவின்மேல் சாய்த்து வைத்துவிட்டு வந்திருந்தார். சம்பந்தி வீட்டாரைப் பார்த்து, "வாங்க, வலது கால வச்சு வாங்க" என்றார். மாப்பிள்ளையும் பெண்ணும் கை கோத்தபடி ஜோடியாக உள்ளே போனார்கள்.

பால்பழம் கொடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் தோளில் சொட்டியது. அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அக்கா அந்த இடத்தில் பேசினை வைத்தார். மழை விட்டதும் ஜோடி வந்த வழியே வெளியே போயிற்று.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் அக்காவின் பேரைக் கூப்பிடவில்லை. செவ்வாயும் இல்லை. புதனும் இல்லை. வியாழக்கிழமை கூப்பிட்டார்கள்.

நான் புறப்பட்ட அன்று தோட்டத்துக்கு ஒரு லொறி வந்தது. இரண்டு பேர் இறங்கி, அக்கா வாசலில் அதே இடத்தில் புதுத் தூணை நிறுத்தி, இம்முறை இரும்புப் போல்ட் போட்டு இறுக்கினார்கள். லொறிக்குள் நான் எட்டிப் பார்த்தேன். தகரம் வரவில்லை.